எலி ஏன் அசையவில்லை?

ஆய்வகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு:

1. பயத்தை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. நாம் பார்ப்பது, எலி அசையாமல் நிற்பதைத்தான். ஒரு ஒலி, அது முடியும்போது பாதத்தில் சின்ன மின் அதிர்ச்சி. மறுநாள் வெறும் ஒலியைப் போட்டாலே எலி உறைந்துவிடும். விலா மட்டும் மூச்சுக்கு ஏறி இறங்கும். அந்த விநாடிகளைத்தான் கணக்கெடுக்கிறோம்.

2. மரபணு மாற்றிய எலி குறைவாக உறைந்தால் முதலில் காதைச் சந்தேகப்படுங்கள். டிபிஏ/2 என்ற எலி ரகத்துக்கு இளம் வயதிலேயே காது மந்தமாகிவிடும். கேளாத ஒலிக்கு எது பயப்படும்? அதிர்ச்சிக்குத் துள்ளுகிறதா, பிறவியிலேயே துறுதுறுப்பா என்றும் பாருங்கள். நினைவாற்றல் பேச்செல்லாம் அப்புறம்.

3. இடத்தையும் ஒலியையும் தனித்தனியே சோதியுங்கள். ஒலிப் பயத்துக்கு மூளையின் அமிக்டலா பகுதி முக்கியம். இடத்தை நினைவில் வைக்க ஹிப்போகாம்பஸும் சேர வேண்டும். ஒலிச் சோதனையன்று கூண்டின் தரை, வடிவம், வாசனை மூன்றையும் மாற்றிவிடுங்கள். முந்தின நாள் ஸ்பிரிட்டில் துடைத்திருந்தால் இன்று வினிகர்.

4. 'பயத்துக்கான மரபணு' என்று எழுதிக்கொண்டு என்னிடம் வராதீர்கள். 1999-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜோ சியென் குழு, நரம்பணுக்களிலுள்ள என்எம்டிஏ ஏற்பியின் என்ஆர்2பி என்ற பகுதி முன்மூளையில் கூடுதலாக உருவாகும்படி எலிகளை வளர்த்தது. தொலைக்காட்சித் தொடரில் வந்த சிறுவயது டாக்டரின் நினைவாக அவற்றுக்கு 'டூகி' என்று பெயர். என்ஆர்2பி உள்ள ஏற்பி கொஞ்சம் கூடுதல் நேரம் திறந்திருக்கும்; இளம் மூளையில் அதிகம், வயதேற ஏற குறையும். டூகி எலிகள் பயத்தை நன்றாகக் கற்றன. ஆனால் அதிர்ச்சி இல்லாமல் ஒலியை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டபோது, மற்ற எலிகளைவிட வேகமாகப் பயத்தை விட்டும்விட்டன. வெறும் பயந்தாங்கொள்ளி என்றால் அப்படி விடுமா? கூடியது பயமல்ல, கற்கும் திறன். பத்திரிகைகள் 'புத்திசாலி எலி' என்று கொண்டாடின. 2001-ல், அதே மாற்றம் அழற்சியால் வரும் நீடித்த வலியையும் கூட்டுகிறது என்று தெரிந்தது. இந்த இரண்டாவது செய்தியை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை.

5. ஒப்பீட்டுக்குக் கூடப்பிறந்த சாதாரண எலிகளையே வையுங்கள். எது எந்த ரகம் என்று எண்ணுபவருக்குத் தெரியக் கூடாது.

6. வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள். குழாயில் ஏற்றியோ உள்ளங்கையில் ஏந்தியோ எடுத்தால் எலியின் பதற்றம் குறைகிறது என்று 2010-ல் லிவர்பூல் பல்கலைக்கழகம் காட்டியது. ஆண்களின் வாசனையே எலிகளுக்கு மன அழுத்தம் தருகிறது என்று 2014-ல் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சொன்னார்கள். அன்றன்று எலியைக் கையாண்டவர் யார் என்பதையும் நோட்டில் எழுதிவையுங்கள்.