கைத்துப்பாக்கியின் துளை அளவு: தேர்ந்தெடுக்கும் முறை

கூட்டுறவுச் சங்கத்தின் இரும்புப் பெட்டியில் இருப்பது சங்கத்தின் பணம் மட்டுமன்று. அங்கத்தினர்கள் கடனுக்கு ஈடாக வைத்த நகைகளும் அதிலேயே இருக்கின்றன. ஆதலால் அதைக் காக்க ஆயுதம் வேண்டுமென்ற யோசனை சங்கக் கூட்டங்களில் எழுவது இயல்பே. அப்போது, "எந்த அளவுத் துப்பாக்கி நல்லது?" என்ற வினாவே முதலில் கேட்கப்படுகிறது. உண்மையில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய வினா. எந்தக் காரியத்துக்கு ஆயுதம் வேண்டும், சட்டம் எதற்கு இடந்தருகிறது, யார் கையில் அது இருக்கும் என்னும் மூன்றும் தீர்ந்த பின்னரே அளவைப் பற்றிப் பேசுவதால் பயனுண்டு.

1. அளவு என்பது யாது?

பீரங்கி வாயின் அகலத்துக்கு ஏற்பவே அதில் இடும் குண்டின் பருமன் அமையும். தியாகதுருகம் மலைக்கோட்டையிலுள்ள பழைய பீரங்கியைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கைத்துப்பாக்கிக்கும் இதுவே விதி. அதன் குழல் துளையை அங்குலத்தில் நூற்றில் இத்தனை பங்கு என்று குறிப்பது வழக்கம். .22 என்பது சுமார் 5.6 மில்லிமீட்டர்; .32 என்பது சுமார் 8; .38 என்பது சுமார் 9; .455 என்பது சுமார் 11.5 மில்லிமீட்டர்.

காவலாளிகள் தோளில் மாட்டியிருக்கும் 12 போர் துப்பாக்கியின் கணக்கு வேறு. ஒரு பவுண்டு ஈயத்தை, அதாவது சுமார் 454 கிராமை, 12 சம உருண்டைகளாகச் செய்தால் அவற்றில் ஒன்று எந்தக் குழலுக்குப் பொருந்துமோ அதுவே 12 போர். இம்முறையில் எண் பெருகப் பெருகத் துளை சிறுக்கும். 16 போர் என்பது 12 போரைவிடச் சிறியது. இவ்விரு கணக்குகளையும் ஒன்றோடொன்று குழப்பலாகாது.

எண் ஒன்றாயிருப்பதால் தோட்டாவும் ஒன்றே என்று எண்ணுவதும் தவறு. .32 ரிவால்வருக்கு ஒருவகைத் தோட்டா; .32 பிஸ்டலுக்கு வேறொரு வகை. ரிவால்வர் தோட்டாவின் ஈயக்குண்டு சுமார் 6.3 கிராம் எடையுள்ளது. பிஸ்டல் தோட்டாவின் குண்டு சுமார் 4.6 கிராமே ஆயினும், அதைவிட வேகமாகச் செல்வது. ஒன்றை மற்றொன்றில் இடலாகாது.

2. பெரிய குண்டா, சிறிய குண்டா?

முதல் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் சைனியத்தார் .455 ரிவால்வரை வைத்திருந்தனர். அதன் குண்டு சுமார் 17 கிராம். குண்டு பலமானதே; ஆயினும் சுடும்போது கையை உதைக்கும் வேகமும் பலமானது. நெடுநாள் பயிற்சியின்றி அதைக் கொண்டு குறி தவறாமல் சுடுவது அரிதாயிருந்தது. ஆகவே 1932-ல் அவர்கள் .38 அளவுக்கு மாறினர்.

அமெரிக்க ஐக்கிய நாட்டு எஃப்.பி.ஐ. என்னும் குற்ற விசாரணை இலாகாவும் இதே பாடத்தைச் சுற்றுவழியில் கற்றது. 1986 ஏப்ரல் 11-ல் மயாமி நகரில் கொள்ளையர் இருவருடன் நேர்ந்த சண்டையில் அந்த இலாகாவைச் சேர்ந்த இருவர் மாண்டனர். கொள்ளையன் ஒருவன்மீது பட்ட 9 மில்லிமீட்டர் குண்டு இருதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது. அதனால் இலாகா 10 மில்லிமீட்டருக்கு மாறிற்று. அதன் உதைப்பைப் பலரால் தாங்க இயலவில்லை, ஆகவே.40 அளவு வந்தது. 2014-ல் அவ்விலாகாவின் பயிற்சிப் பிரிவு 9 மில்லிமீட்டருக்கே திரும்புவது தக்கதெனக் காரணம் காட்டிற்று. குண்டுகளின் அமைப்பு திருந்திவிட்டது என்பதும், அந்த அளவைக் கொண்டு பெரும்பாலோர் விரைவாகவும் சரியாகவும் சுடுகின்றனர் என்பதுமே அக்காரணங்கள்.

இதனால் பெறப்படும் முடிவு ஒன்று. குறியில் படும் சிறிய குண்டு, குறி தவறும் பெரிய குண்டைவிட மேலானது. குறி தவறிய குண்டு வீணாவதோடு நில்லாது. தெருவில் போகும் ஒருவர்மீது படவும் கூடும்.

3. சட்டம் எதற்கு இடந்தருகிறது?

நம் நாட்டில் இத்தேர்வின் பெரும்பகுதியைச் சட்டமே செய்துவிடுகிறது. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின்படி லைசென்ஸ் இன்றி எவரும் துப்பாக்கி வைத்திருக்கலாகாது. சைனியத்தார் உபயோகித்த .380, .455 ரிவால்வர் தோட்டாக்களையும் 9 மில்லிமீட்டர், .45 பிஸ்டல் தோட்டாக்களையும் சுடக்கூடிய கைத்துப்பாக்கிகள், மத்திய சர்க்காரின் விசேஷ அனுமதியின்றிப் பொதுமக்களுக்கு விலக்கப்பட்டவை. ஆகவே சாதாரணக் குடிகள் .32, .22 என்னும் இரண்டில் ஒன்றையே பெரும்பாலும் நாட வேண்டும். கான்பூர் சர்க்கார் தொழிற்சாலையில் ஆறு தோட்டா கொள்ளும் .32 ரிவால்வர் செய்யப்பட்டு வருவதும் இது பற்றியே.

2019-ம் வருஷத்துத் திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கலாகாது; லைசென்ஸ் ஐந்து வருஷ காலம் செல்லும். ஒருவர் பெயரிலுள்ள ஆயுதத்தைக் கண்டவர் கையில் கொடுத்துக் காவல் வைக்கச் சட்டம் இடந்தராது.

4. கிராமத்தின் தேவை

முதலாவது பயிர்க் காவல். காட்டுப்பன்றியைக் கைத்துப்பாக்கியால் விரட்ட நினைப்பது வீண். குழல் குட்டையாதலால் குறி தவறும்; காயம்பட்ட பன்றி மனிதர்மீதே பாயும். அன்றியும் வனவிலங்குச் சட்டத்தின்படி குடியானவர் தாமாகவே பன்றியைச் சுடுவது குற்றம். உண்மையான பயிர்க் காவலுக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்க ஆயுதச் சட்டம் வழி வைத்திருக்கிறது. வெடியோசையால் விலங்குகளை விலக்குவதோடு அதன் வேலை முடிந்தது.

கல்வராயன் மலையில் லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகள் வைத்திருப்பதாகப் பலர்மீது வழக்குகள் நடந்துள்ளன. அத்துப்பாக்கிகளின் குழல் வெடித்தால் முதலில் போவது சுடுபவரின் கையும் கண்ணுமே. லைசென்ஸ் இன்றி வைத்திருந்தால் குறைந்தது இரண்டு வருஷச் சிறை. செய்து கொடுத்தால் குறைந்தது ஏழு வருஷம். ஒருவர் சிறை சென்றால் அவர் நிலம் தரிசாகிறது. சங்கக் கடனும் பாக்கியாகிறது.

இரண்டாவது சங்கத்தின் காவல். இதற்கும் கைத்துப்பாக்கி ஏற்றதன்று. அதை எளிதில் பறிக்கலாம், திருடலாம், மறைக்கலாம். லைசென்ஸும் பயிற்சியும் உடைய காவலாளியின் 12 போர் துப்பாக்கியை எல்லோரும் காண்பர். காண்பதே பாதிக் காவல். அதற்கும் முன்னால் உறுதியான கதவு, நல்ல பூட்டு, இருவர் சாவியின்றித் திறவாத பெட்டி, இன்ஷூரன்ஸ், அளவுக்கு மிஞ்சிய ரொக்கத்தை அன்றன்றே பாங்கியில் செலுத்துதல் ஆகியவை வேண்டும்.

மூன்றாவது தனி மனிதரின் உயிர்ப் பாதுகாப்பு. உண்மையான அபாயம் உள்ளவர்க்கே இது பொருந்தும். .22-க்கு உதைப்பு மிகக் குறைவு, பயிற்சிக்கு நல்லது, ஆபத்தில் போதிய பலம் இராது. .32 நடுத்தரமானது. ரிவால்வரின் அமைப்பு எளிது; ஒரு தோட்டா வெடிக்காவிடின் விசையை மீண்டும் இழுத்தால் அடுத்தது வரும். பிஸ்டல் தட்டையானது, அதிகத் தோட்டா கொள்ளும். ஆயினும் கூடுதலான பழக்கமும் பராமரிப்பும் வேண்டும். எப்போதாவது எடுப்பவர்க்கு .32 ரிவால்வரே தக்கது. வீட்டில் குழந்தைகள் இருப்பின் ஆயுதத்தையும் தோட்டாவையும் தனித்தனியே பூட்டி வைத்தல் அவசியம். அவ்வாறு பூட்ட இயலாதவர் ஆயுதம் வாங்காதிருத்தலே நலம்.

5. சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டியவை

(அ) சங்கப் பெட்டியின் சாவிகள் இப்போது யார் யாரிடம் இருக்கின்றன?

(ஆ) இரவில் பெட்டியில் எவ்வளவு ரொக்கம் தங்குகிறது? அதைக் குறைக்க இயலுமா?

(இ) ஈட்டு நகைகள் முழு மதிப்புக்கு இன்ஷூர் செய்யப்பட்டுள்ளனவா?

(ஈ) காவலாளியின் லைசென்ஸ் எந்தத் தேதி வரையில் செல்லும்? அவர் கடைசியாகப் பயிற்சி பெற்றது எப்போது?

இந்நான்குக்கும் திருப்தியான விடை கிடைத்த சங்கத்தில், துப்பாக்கியின் அளவைப் பற்றிய விவாதத்துக்கு அநேகமாக வேலையிராது.