தேர்தலும் தொலைநோக்கும்

கேள்வி: ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆட்சி மாறும் நாட்டில் நீண்டகாலத் திட்டம் நடக்குமா? அதற்குச் சீனாவைப் போல ஒரே கட்சி ஆட்சிதானே வேண்டும்?

பதில்: நெதர்லாந்தில் நடந்ததே! 1953 வெள்ளத்தில் 1,836 பேர் மாண்டபின் தொடங்கிய டெல்டா வெள்ளத்தடுப்புப் பணி, எத்தனையோ அரசுகள் மாறியும் 1997 வரை நிற்கவில்லை. நடுவில் ஓஸ்டர்ஸ்கெல்டே கழிமுகத்தை அடியோடு அடைக்கப் போனபோது சிப்பி வளர்ப்போரும் மீனவர்களும் கொதித்தெழுந்தார்கள். அரசு இறங்கிவந்தது. புயல் வந்தால் மட்டும் இறங்கும் 62 இரும்புக் கதவுகளை வைத்தார்கள். செலவு எகிறியது, சிப்பிகள் பிழைத்தன. என் கணக்கில், அந்தத் திருத்தம்தான் பெரிய சாதனை.

சீனா 1980-இல் கொண்டுவந்த ‘ஒரே குழந்தை’த் திட்டத்தில் கட்டாயக் கருக்கலைப்புக்கு ஆளான பெண்களால் அப்படி எதையும் மாற்ற முடியவில்லை. மக்கள்தொகை அறிஞர்கள் பல ஆண்டுகள் எச்சரித்தும், 2015 வரை அது நீடித்தது. 2022-இல் மக்கள்தொகையே குறையத் தொடங்கிவிட்டது.