புளொக்கல் சுவரில் ஒரு பேசின்

பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் பிறந்து, பொதுப் பீலியில் வரிசை நின்று முகங்கழுவி வளர்ந்த நமக்கு, வீட்டுக்குள்ளேயே ஒரு பேசினும் அதன்கீழ் ஒரு சிறு அலுமாரியும் அமைவது ஆடம்பரமன்று, கௌரவம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், “தோட்டத்து வீட்டுக்கு இதெல்லாம் எதற்கு?” என்று கேட்ட உறவினர்க்கும் அதுவே என் பதில்.

மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களில் இந்திய வீடமைப்புத் திட்டத்தின்கீழ் எழுந்த 4,000 வீடுகளைப் போலவே, நம் வீடுகளும் 7 பேர்ச் காணியில் 550 சதுர அடிக்குள் அடங்குபவை. குளியலறைக்கு எஞ்சுவது நாலடிக்கு ஐந்தடி. ஆகையால் சுவரிலிருந்து 12 அங்குலத்துக்கு மேல் நீளாத பேசினை வாங்குங்கள். உட்புறம் திறக்கும் கதவை வெளிப்புறம் திறக்குமாறு மாற்றுங்கள். பேசினின் விளிம்பு தரையிலிருந்து 32 அங்குல உயரத்தில் இருந்தால் போதும்.

பிரதானமான விஷயம் சுவர். எங்கள் சுவர் நாலங்குலப் பொள்ளல் புளொக்கல். அதை நான் தட்டிக் காட்டி எடுத்துச் சொல்லியும், வேலைக்கு வந்த பாஸ், “இருபது வருஷமா இதே வேலதாண்ணே செய்றேன்” என்று ட்ரில்லை அழுத்தினார். கல்லின் ஓரங்குல மேலோட்டைக் கடந்ததும் அது சட்டென்று உள்ளே வழுக்கிற்று. உதிர்ந்த தூள் வெளியே வராமல் கல்லின் பொந்துக்குள் சலசலவென்று விழுந்தது. அந்த வெறும் பொந்தில் ரோல் பிளக்கைச் செருகி, பீங்கானின் பாரம் முழுவதையும் அதன்மேல் ஏற்றிவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போனார். ஒரு காலையில் மகன் கையூன்றி முகங்கழுவுகையில் பேசின் சுவரின் ஓட்டோடு பெயர்ந்து விழுந்து பிளந்தது. அவன் கால் தப்பியது தெய்வாதீனம். அதன்பின் அந்த மனிதர் தொலைபேசியை எடுக்கவேயில்லை.

மறுமுறை நானே செய்தேன். போல்ட் வரவேண்டிய இடங்களில் கல்லின் மேலோட்டை உளியால் திறந்து, பொந்தின் அடியில் கிழிந்த சீமெந்துப் பையைத் திணித்து, உட்புறத்தை நன்றாக நனைத்து, ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணல் சேர்த்த கலவையைப் பொந்து நிரம்ப அடைத்து, அதிலே நீண்ட போல்ட்டுகளை நிறுத்தி, ஒரு வாரம் ஈரங்காயாமல் காத்தபின்னரே பேசினை ஏற்றினேன். இன்று அதன்மேல் இரு கையையும் ஊன்றி நிற்கலாம்.

மற்றவை எளியவை. அலுமாரி மரத்தூள் பலகையாயிருந்தால், ஐப்பசி முதல் தை வரையிலான மழையும் பனிமூட்டமும் அதை ஊதவைத்துவிடும். பிவிசி பலகையே உத்தமம். அதைத் தரையிலிருந்து அரையடி உயர்த்தினால் கழுவிய நீர் தங்காது. மலையூற்று நீர் மழைக்காலத்தில் மணலோடு வருமாதலால், பைப்பில் ஒரு வடிகட்டியும் அவசியம்.

கூலி மிச்சமாகும் என்பதற்காக நான் இவற்றைச் சொல்லவில்லை. விழுந்தால் அடிபடப்போவது நம் பிள்ளைகள் என்பதற்காகச் சொல்கிறேன். சுவரை விரல்முட்டியால் தட்டுங்கள்; பொள்ளென்று ஒலித்தால், ரோல் பிளக்கை எடுப்பவர் எத்தனை வருஷ அனுபவசாலியாயினும், தயங்காமல் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள்.