கிளட்ச் செட்: எதை மாற்றுவது, எதை விடுவது?

கிளட்ச்சை மிதித்தால் கீச்சென்று சத்தம், காலை எடுத்தால் அமைதி. இப்படியிருந்தால் பெரும்பாலும் ரிலீஸ் பேரிங் போய்விட்டது. நியூட்ரலில் சத்தம் வந்து, மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸின் முன் பேரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். மேட்டில் இன்ஜின் அலறியும் வண்டி நகராவிட்டால் பிளேட் தேய்ந்திருக்கும், அல்லது அதில் ஆயில் பட்டிருக்கும்.

சத்தம் பேரிங்கில்தானே, அதை மட்டும் மாற்றினால் போதாதா? சோமனூர்ப் பட்டறைகளில் அடிக்கடி எழும் கேள்வி இது. பிளேட்டும் பிரஷர் பிளேட்டும் சமீபத்தில் மாற்றியவை என்றால் போதும். இல்லாவிட்டால் வேண்டாம். ஃபோர் வீல் ஜீப்பில் இரண்டு புரொப்பல்லர் ஷாஃப்டையும் கழற்றி, கியர்பாக்ஸை டிரான்ஸ்ஃபர் கேஸோடு இறக்கியாக வேண்டும். பேரிங்குக்கும் முழு செட்டுக்கும் கூலி ஏறக்குறைய ஒன்றுதான். ஆழியாறு தாண்டி வால்பாறைக்குப் போகும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி தேய்ந்த பிளேட் கைவிட்டால், அதே கூலியை மறுபடியும் கொடுக்க வேண்டியிருக்கும்.

பழைய பிளேட்டுக்குப் புது லைனிங் ரிவெட் அடித்தும் தருவார்கள். மலிவுதான். ஆனால் நடுவிலுள்ள ஸ்பிரிங்கும் ஸ்ப்லைனும் பழையவையே. பிளேட்டே கிடைக்காத வண்டிக்குத்தான் அது சரி. மலையேறும் ஜீப்புக்கு நான் சொல்ல மாட்டேன்.

வாரண்டியில் இருக்கும் தார் ஜீப்புக்குக் கம்பெனி ஸ்பேர்தான். பழைய எம்எம் 540, மேஜர் போன்றவற்றுக்கு லூக், வேலியோ மாதிரி பெயர்பெற்ற செட்டே போதும். பில் கேட்டு வாங்குங்கள். இன்ஜின் மாற்றிய ஜீப் என்றால் ஆர்.சி.யில் உள்ள மாடலைச் சொல்லிக் கேட்டால் தப்பான அளவு வரும். பழைய பிளேட்டையே கடைக்கு எடுத்துப்போய் விட்டத்தையும் ஸ்ப்லைன் பல் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள்.

கியர்பாக்ஸ் இறங்கியதும் நீங்களே குனிந்து ஃப்ளைவீலைப் பாருங்கள். நீலம் பாரித்த திட்டோ மயிரிழை போன்ற கீறலோ தெரிந்தால் லேத்துக்கு அனுப்புங்கள். விரிசல் ஆழமென்றால் ஃப்ளைவீலையே மாற்ற வேண்டும். கிராங்க் ஷாஃப்டின் பின் ஆயில் சீல் கசிந்தால் அதையும் அப்போதே மாற்றுங்கள். புது லைனிங்கில் ஆயில் இறங்கினால் செட் மொத்தமும் வீண். பைலட் பேரிங்கும் ஃபோர்க்கும் அதே நேரத்தில் பார்க்க வேண்டியவை. புது ரிலீஸ் பேரிங்கை டீசலில் கழுவ விடாதீர்கள், உள்ளே அடைத்த கிரீஸ் கரைந்துவிடும். பூட்டிய பிறகு முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பாரமும் மலையும் வேண்டாம்.