ஒத்திப் பணம் எங்கேயும் போகாதா?

விளாங்குடியில் குறைந்த செலவில் வீடு தேடுகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: "ஒத்திக்குப் போயிட்டா நல்லது சார். பணம் எங்கயும் போகாது, வீடே நம்ம கையிலதான இருக்கு." சிவில் வழக்குகள் நடத்துகிறவனாகச் சொல்கிறேன்: போகும். முழுசாகவே போகும்.

ஆசை புரிகிறது. மாதம் 8,000 ரூபாய் வாடகைக்குப் பதில் 5 லட்சத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டால் வாடகையே கிடையாது. அந்தப் பணத்தை 7 சதவீத வட்டிக்குப் போட்டாலும் மாதம் 3,000 தேறாது. கணக்கு சரிதான். ஆனால் வீட்டுக்காரர் மாதம் 5,000 ரூபாயை ஏன் விட்டுக்கொடுக்கிறார் என்று ஒருவராவது கேட்க வேண்டாமா? அவருக்கு அவசரமாக மொத்தப் பணம் தேவை. கல்யாணமோ, வியாபாரமோ, பழைய கடனோ, வாங்கிய கையோடு செலவழிந்துவிடும். நீங்கள் காலி செய்யும்போது அடுத்த ஒத்திக்காரர் பணத்தோடு வந்தால்தான் உங்கள் பணம் திரும்பும்.

ஒத்தி என்பது வாடகையே அல்ல, அடமானம். 1882ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 58(d) பிரிவு சொல்லும் அனுபோக அடமானம் இதுதான். கடன் தீரும்வரை வீட்டை வைத்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் 100 ரூபாய்க்கு மேற்பட்ட இந்த அடமானம், இரண்டு சாட்சிகளோடு பதிவான பத்திரமாக இருந்தால்தான் செல்லும் என்கிறது 59ஆம் பிரிவு. நம் ஊரில் நடப்பது என்ன? 20 ரூபாய் பத்திரத்தில் எழுதி, தரகர் கையெழுத்துப் போட்டு, பீரோவில் பூட்டி வைக்கிறார்கள். பணத்தைக் கேட்டு வழக்குப் போட அது உதவலாம். வீட்டின் மீது பிடி தராது.

இதைவிட மோசம், வீடு ஏற்கெனவே வங்கி அடமானத்தில் இருப்பது. தவணை நின்றால் 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டப்படி வங்கி வீட்டைக் கையகப்படுத்தும். முந்திய அடமானம் வங்கியுடையது. பிந்தி வந்த உங்கள் ஒத்தி அதன் முன் நிற்காது. மூலப்பத்திரத்தைக் கேளுங்கள். ஜெராக்ஸை மட்டும் நீட்டினால் அசல் எங்கே என்று கேளுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை இலவசமாகவே பார்க்கலாம். 5 லட்சம் கொடுக்கிறவர் அதற்குக்கூடச் சோம்பல்படுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

வாடகை வீட்டைப் பற்றியும் இப்படித் தவறான நம்பிக்கைகள் உண்டு. "12 வருஷம் குடியிருந்தா வீடு நமக்கே" என்பது பொய். வீட்டுக்காரர் அனுமதியோடு இருக்கும் வாடகைக்காரருக்கு, எத்தனை ஆண்டு இருந்தாலும் அனுபவ பாத்தியம் வராது.

"11 மாத ஒப்பந்தத்துக்குப் பதிவு வேண்டாம்" என்பது பழங்கதை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டப்படி எந்தக் குடித்தனமானாலும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும்.

"அட்வான்ஸ் பத்து மாசம்தான் வழக்கம்" என்பார்கள். அதே சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைதான் என்கிறது. சம்மதித்துக் கையெழுத்துப் போடுமுன் பேரம் பேசுங்கள்.

ஒத்தியைப் பதியாமல் விடுவதற்கு மக்கள் சொல்லும் காரணம் முத்திரைத் தீர்வை. அதில் நியாயம் இருக்கிறது. குடியிருக்க எடுக்கும் சிறிய ஒத்திகளுக்கு அரசு அந்தத் தீர்வையைக் குறைக்க வேண்டும். அது வரும்வரை, செலவைப் பார்க்காமல் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ப் பதியுங்கள். வீட்டுக்காரர் அதற்கு வர மறுத்தால் அந்த வீடு வேண்டாம். வாடகை வீடே தேடுங்கள்.