மின்னூலுக்குள் என்ன இருக்கிறது?

படப்பையை அடுத்த மணிமங்கலத்தில், 7-ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியை வென்றான். இச்செய்தி கூரம் செப்பேடுகளில் காணப்படுகிறது. செப்பேடுகளை எப்படித் தொகுத்தார்கள் தெரியுமா? தகடுகளில் துளையிட்டு, வளையத்தில் கோத்து, அரச முத்திரையிட்டார்கள். தகடு இடம் மாறினால் செய்தி குழம்பிவிடும் அல்லவா? ஓலைச்சுவடியில் இதே வேலையைக் கயிறு செய்தது. அச்சு நூலில் பைண்டிங் செய்கிறது. தாளே இல்லாத மின்னூலில் அந்த வளையம் எது?

மின்னூல்களுக்கென 2007-இல் வந்த பொது அமைப்பு ‘ஈபப்’. ஈபப் நூல் ஒரே கோப்பு போலத் தோன்றினாலும், உண்மையில் அது பல கோப்புகளை உள்ளடக்கிய ஒரு ‘ஜிப்’ பொட்டலம். 2013 முதல் இலவச மின்னூல்களை வெளியிட்டுவரும் ‘ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ்’ தளத்திலிருந்து ஓர் ஈபப் நூலை எடுங்கள். அதற்கு ஒரு நகல் செய்து, நகலின் பெயரில் கடைசியில் உள்ள ‘ஈபப்’ என்பதை ‘ஜிப்’ என மாற்றித் திறந்து பாருங்கள்.

முதலில் ‘மைம்டைப்’ என்ற சிறு கோப்பு. அதில் இருப்பவை 20 எழுத்துகளே. ‘இது ஈபப் நூல்’ என்று அறிவிப்பதே அதன் பணி. பொட்டலத்தில் இது முதலாவதாகவும், சுருக்கப்படாமலும் இருக்க வேண்டும் என்பது விதி. அடுத்து ‘மெட்டா-இன்ஃப்’ என்ற கோப்புறை. அதிலுள்ள ‘கண்டெய்னர்’ கோப்பு ஒரு வழிகாட்டிப் பலகை; முக்கியக் கோப்பு எங்கே இருக்கிறது என்பதை அது சொல்லும்.

அந்த முக்கியக் கோப்புதான் ‘ஓ.பி.எஃப்.’ அதில் மூன்று பகுதிகளைக் காணலாம். முதற்பகுதி நூலின் பெயர், ஆசிரியர், மொழி ஆகியவற்றைக் கூறும். இரண்டாவது சரக்குப் பட்டியல். அத்தியாயங்கள், படங்கள், எழுத்துருக்கள் எல்லாம் இதில் பதிவாகியிருக்கும். மூன்றாவது ‘ஸ்பைன்’, அதாவது முதுகெலும்பு. எதற்குப் பின் எது வரவேண்டும் என்பதை இது வரையறுக்கிறது. நாம் தேடிய வளையம் இதுதான்!

பட்டியல் இருக்கும்போது முதுகெலும்பு எதற்கு? உங்கள் வகுப்பின் 12 கட்டுரைகளை 1 முதல் 12 வரை எண்ணிட்டுச் சேமிப்பதாகக் கொள்வோம். எண்களை வெறும் எழுத்துகளாகக் கருதி வரிசைப்படுத்தும் மென்பொருள், 1-க்குப் பின் 10, 11, 12-ஐ வைத்துவிட்டு அப்புறமே 2-க்கு வரும். ஆகவே கோப்பின் பெயரையோ அது கிடக்கும் இடத்தையோ நம்பாமல், வரிசை தனியே எழுதப்படுகிறது.

இதில் கவனம் தேவை. முதுகெலும்பில் ஒரு வரி விடுபட்டால், அந்தக் கட்டுரை பொட்டலத்துக்குள் பத்திரமாக இருக்கும். ஆனால் பக்கம் பக்கமாகப் புரட்டுபவரின் கண்ணில் படாது. எழுதிய மாணவரின் உழைப்பு வீண்! படத்தின் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்துக்குப் பதில் சிறிய எழுத்து வந்துவிட்டாலோ, படம் தோன்றாமல் போகலாம்.

நீங்களே சோதிக்க விரும்பினால், ‘சிகில்’ என்ற இலவச மென்பொருளில் நூலின் நகலைத் திறந்து, முதுகெலும்பின் இரண்டு வரிகளை இடம் மாற்றிச் சேமியுங்கள். ஒரு கோப்பும் நகராமலே அத்தியாயங்கள் இடம் மாறியிருப்பதைக் காண்பீர்கள்.