கட்டுக் கட்டாகக் குடவோலை

அன்புள்ள தங்கைக்கு,

உப்புக் கரைசல் ஒருபடித்தானது, மணலும் இரும்புத்தூளும் சேர்ந்தது பலபடித்தானது என்று வேதியியலில் படித்திருப்பாய். கரைசலில் எந்தத் துளியை எடுத்தாலும் உப்பின் அளவு ஒன்றே. மணற்கலவையிலோ, எங்கே அள்ளினாய் என்பதைப் பொறுத்து விடை மாறும். மண், பாறை, புற்றுக்கட்டி, மக்கள்தொகை என்று அறிவியலார் 'பலபடித்தானது' என்ற சொல்லை எங்கே கொண்டுபோனாலும் கேள்வி ஒன்றுதான்: ஒரு கைப்பிடியை வைத்து முழுவதையும் பற்றிப் பேசலாமா?

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இதற்கு ஒரு விடை இருக்கிறது. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் அங்கே உள்ளன; பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் எடுக்கும் குடவோலை முறையை அவை சொல்கின்றன. ஊர் 30 குடும்புகளாக, அதாவது வட்டாரங்களாக, பிரிந்திருந்தது. எல்லாப் பெயர்களையும் மொத்தமாகக் கொட்டிக் குலுக்கவில்லை. குடும்புக்கு ஒரு கட்டு; கட்டுக்கு ஓர் ஓலை; எடுப்பவன் ஏதும் அறியாச் சிறுவன். வந்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்கு, 12 பேர் தோட்ட வாரியத்துக்கு, 6 பேர் ஏரி வாரியத்துக்கு.

மொத்தமாகக் குலுக்கியிருந்தால்? குடும்புகள் ஒரே அளவு என்று வைத்துக்கொண்டாலும், சராசரியாகப் பத்துப் பதினொரு குடும்புகளுக்கு ஆளே இருந்திருக்காது. கணக்குப் போட்டுப் பார். வேறுபடும் பகுதிகளை முதலில் பிரித்து, ஒவ்வொன்றிலும் தனியே குலுக்கும் இந்த வழிக்குப் புள்ளியியலில் உறுதியான கணித அடித்தளம் இட்டது, 1934இல் ஜெர்சி நெய்மன் எழுதிய ஆய்வுக் கட்டுரை.

ஆனால் கட்டில் யாருடைய பெயர் ஏறியது? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு, 35 முதல் 70 வரை வயது. இது பிராமணச் சபை. பெண்களும் ஏர் பிடித்தவர்களும் குடத்தின் பக்கமே வரவில்லை. குடும்புக்குக் குடும்பு இருந்த வேறுபாட்டைச் சபை மதித்தது. அதைவிடப் பெரிய வேறுபாடுகளை ஊருக்குள்ளேயே வைத்துக்கொண்டு கணக்கிலிருந்து விட்டுவிட்டது.

உங்கள் நெல் வயலில் மண் பரிசோதனைக்கு எடுக்கும்போதும் இதே சிக்கல்தான். வரப்போரம், மரநிழல், எருக்குவியல் இருந்த இடம் மூன்றையும் ஒதுக்கு. வளைந்து வளைந்து நடந்து, 10 முதல் 15 இடங்களில் 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி எடு. வாளியில் கலந்து, நான்காகப் பங்கிட்டு எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளு. அரை கிலோ ஆகும்வரை இப்படியே செய். இந்தக் கலவை ஒரே மாதிரித் தெரியும் நிலத்துக்கு மட்டும். மடையோரத்து வண்டலும் கடைமடையில் உவர் பூத்த திட்டும் ஒரே வாளியில் விழுந்தால், ஆய்வகம் தரும் எண் இரண்டில் எதற்கும் பொருந்தாது. உவர்த் திட்டுக்குத் தனி வாளி, தனிப் பை. சீட்டில் சர்வே எண்ணோடு உவர்த் திட்டு என்பதையும் எழுதிக் கொடு.

அன்புடன்,
அண்ணன்